காதுதான் முதல் லென்ஸ்: கச்சேரி ஃபோட்டோ பத்தி வாசகர் கேள்வி பதில்

மார்கழி நெருங்கினாலே கச்சேரி ஃபோட்டோ பத்தி கடிதம் வர ஆரம்பிச்சிடும். அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டோம். கேமரா பாடம் மட்டும் கேட்டவங்களுக்கும் பாட்டு பத்திதான் நிறைய பதில் சொல்லிருக்கேன், பொறுத்துக்குங்க, எனக்கு ரெண்டும் வேற வேற இல்ல.

கே: கச்சேரின்னா எனக்கு உயிர், ஆனா ஃபோட்டோல அனுபவம் கம்மி. டிசம்பர்ல ஒரு வாரம் சென்னைல தங்கி கேக்கலாம்னு இருக்கேன், கூடவே படமும் எடுக்க ஆசை. கையில இருக்கறது ஒரு பழைய கேமராவும் அதோட வந்த கிட் லென்ஸும்தான். புது கேமரா வாங்கணுமா சார்? (திருச்சி வாசகர்)

வேணாங்க. கேமரா அப்படியே இருக்கட்டும், லென்ஸ மட்டும் மாத்துங்க. கிட் லென்ஸ ஸூம் பண்ணினா அபர்ச்சர் (வெளிச்சம் உள்ள வர்ற துளை, எண் கூடக் கூட துளை சின்னது) எஃப் 5.6க்கு போய் நின்னுடும், சபா வெளிச்சத்துக்கு அது பத்தவே பத்தாது. 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு வாங்கினீங்கன்னா அதைவிட கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ள வரும், விலையும் லென்ஸ்கள்லயே கம்மியான விலைதான், செகண்ட் ஹேண்ட்ல இன்னும் சல்லிசா கிடைக்கும். ஸூம் இல்லையேன்னு கவலைப்படாதீங்க. சின்ன சென்சார் (படம் பதியற சில்லு) இருக்கற கேமராவுல 50 எம்எம் போட்டா அது 75, 80 எம்எம் மாதிரி வேலை செய்யும், அஞ்சாவது வரிசைக்குள்ள இடம் கிடைச்சா ஒரு பாடகரை இடுப்பு வரைக்கும் ஃப்ரேம்ல கொண்டு வந்துடலாம்.

இன்னொண்ணு சொல்றேன். நீங்க கேக்கறவர், வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்கறவர், அதுதான் உங்ககிட்ட இருக்கற பெரிய பலம். எவ்ளோ நல்ல கேமரா வெச்சிருந்தாலும் எந்த இடத்துல என்ன நடக்கப் போகுதுன்னு முன்கூட்டியே தெரியாதவருக்கு அந்த படம் கிடைக்காது, உங்களுக்கு கிடைக்கும். அது எப்படின்னு கீழ மதுரை வாசகிக்கு விவரமா எழுதிருக்கேன்.

கே: கர்நாடக சங்கீத கச்சேரில எந்த பக்கம் உக்காந்தா படம் நல்லா வரும்? (சேலம் வாசகர்)

யாரை எடுக்கப் போறீங்கங்கறதைப் பொறுத்தது. வழக்கமா நாம பாக்கறப்போ நடுவுல பாடகர், நம்ம வலது கைப்பக்கம் வயலின், இடது கைப்பக்கம் மிருதங்கம். மிருதங்கத்தோட வலந்தலை (கணீர்னு ஒலிக்கற பக்கம்) சபையோரைப் பாத்து இருக்கணும்னுதான் இந்த ஏற்பாடு, அதனால இடது கையால வாசிக்கறவர் வந்தா ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருவாங்க. பழனி சுப்ரமணிய பிள்ளை இடதுகைக்காரர், பழைய படங்கள்ல அவர் எந்த பக்கம் உக்காந்திருக்கார்னு பாருங்க, புரியும்.

இப்ப படத்துக்கு வருவோம். மிருதங்கக்காரர் பாடகரைப் பாத்து உக்காந்திருப்பார், அதாவது அவர் முகம் நம்ம வலது பக்கமா திரும்பியிருக்கும். அதனால ஹாலோட வலது பக்கத்துல உக்காந்தா அவர் முகம் முழுசா கிடைக்கும், ஆனா வயலின் கலைஞரோட முதுகும் தோளும்தான் தெரியும். இடது பக்கம் உக்காந்தா அப்படியே தலைகீழ். நட்ட நடுவுல உக்காந்தா பாடகர் வாய மைக் மறைக்கும், அதுக்கு முன்னால மானிட்டர் ஸ்பீக்கர் வேற. கொஞ்சமா பக்கவாட்டுல தள்ளி உக்காருங்க, மைக் முகத்த விட்டு விலகிடும்.

பின்னாடி ஸ்பான்சர் பேனர் இருக்கே, அது தலைக்குப் பின்னால எழுத்தோட நிக்காம பாத்துக்குங்க. ரெண்டு சீட் தள்ளி உக்காந்தாலே எழுத்து இல்லாத இடம் கிடைக்கும். அபர்ச்சர முழுசா தொறந்து வெச்சா மிச்சமும் மங்கலாயிடும்.

கே: நூறு படம் எடுத்தாலும் எல்லாத்துலயும் பாடகி ஒரே மாதிரி கண்ணை மூடிட்டு வாயைத் தொறந்துட்டு இருக்காங்க. பெரிய ஃபோட்டோகிராஃபர்கள் எப்படி அந்த சரியான நொடிய புடிக்கறாங்க? (மதுரை வாசகி)

இந்த கேள்விக்காகத்தாங்க இந்த இதழையே எழுத உக்காந்தேன். பாட்டோட அமைப்புலயே அந்த நொடி எல்லாம் இருக்கு, கேமரா அதுக்காக காத்திருந்தா போதும்.

ஆலாபனைய, அதாவது பாட்டு வரி இல்லாம ராகத்த மட்டும் விரிச்சுப் பாடறத எடுத்துக்குங்க. ஆரம்பத்துல கீழ் ஸ்தாயில முகம் அடங்கி இருக்கும், கை மடியை விட்டு எழும்பாது, அப்போ எடுத்தா சாதாரண படம்தான் வரும். ராகம் மெல்ல மேல ஏறி மேல் ஸட்ஜத்த (மேல் ஸ்தாயில வர்ற 'ஸ') தொட்டு நிக்கும் பாருங்க, நிறைய பேர் அந்த இடத்துல மைக்க விட்டு தலைய கொஞ்சம் பின்னால இழுப்பாங்க, சத்தம் அதிகமாயிடக் கூடாதுன்னு. உங்களுக்கு வேண்டியது அதான்! முகத்துக்கும் மைக்குக்கும் நடுவுல இடைவெளி, கை மேல, கழுத்து நிமிர்ந்து. ராகம் எங்க போகுதுன்னு கேட்டுட்டே இருந்தீங்கன்னா ரெண்டு மூச்சு முன்னாடியே தயாராயிடலாம்.

அடுத்து வயலின் முறை. நிறைய பேர் வயலின் வாசிக்கறப்போ கேமராவ இறக்கி வெச்சுடறாங்க, அப்போ பாடகர் முகத்த பாருங்கங்க. பாடிட்டு இருந்தவர் இப்போ கேக்கறவரா மாறிட்டார். தான் போட்ட ஒரு சங்கதிய வயலின் அப்படியே திருப்பிக் குடுக்கறப்போ அவர் முகத்துல வர்ற சந்தோஷம் பாடறப்போ வராது. வயலின் முடிக்கற இடத்துல "பலே"ன்னு திரும்புவார், ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல. கல்பனாஸ்வரத்துல (ஸ்வரங்கள மேடையிலயே கற்பனை பண்ணிப் பாடற பகுதி) இது இன்னும் சுலபம், ஏன்னா மாத்தி மாத்தி போற ஸ்வரங்கள் போகப் போக சின்னதாயிட்டே வரும், யார் எப்ப திரும்புவாங்கன்னு தாளம் போட்டாலே கணக்கு தெரிஞ்சிடும்.

அப்புறம் தனி ஆவர்த்தனம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கற பகுதி. அது வந்தா கேன்டீனுக்கு எழுந்து போற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். கேமரா வெச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு போகாதீங்க. மிருதங்கமும் கடமோ கஞ்சிராவோ மாத்தி மாத்தி வாசிச்சு, குறைப்பு வந்து சுத்து சின்னதாகி, ரெண்டு பேரும் சேர்ந்து மோரா, அதுக்கப்புறம் முடிவா கோர்வைங்கற தாளக் கணக்கு. கோர்வைய மூணு தடவ வாசிப்பாங்க. முதல் தடவ கேளுங்க, அதோட நீளம் புரியும். ரெண்டாவது தடவ ஃப்ரேம் போட்டு ஃபோகஸ் வைங்க. மூணாவது தடவ முடிஞ்சு எடுப்புல (தாளத்துல பாட்டு வரி தொடங்கற இடம்) பாடகர் திரும்ப பாட்டு வரிய எடுக்கற அந்த நொடில விரல அழுத்துங்க. மேடைல இருக்கற எல்லா முகமும் ஒரே நேரத்துல மலரும், கச்சேரி முழுக்க வேற எங்கயும் அப்படி நடக்காது. இதுக்கு தொடர்ச்சியா படம் தள்ளற பர்ஸ்ட் மோடெல்லாம் தேவையே இல்ல, மூணே க்ளிக் போதும்.

கே: செட்டிங் மட்டும் சொல்லுங்க ப்ளீஸ். (ஓசூர் வாசகர்)

சபாவுல: அபர்ச்சர் 1.8 இல்லன்னா 2, ஷட்டர் பாடகருக்கு 1/125 செகண்ட், கைய ஆட்டி பாடறவருக்கு 1/250, மிருதங்க விரல் உறைஞ்சு நிக்கணும்னா 1/500. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டற உணர்வோட அளவு) 1600லேர்ந்து 6400 வரைக்கும் போகட்டும், நாய்ஸ் (புள்ளி புள்ளியா தெரியறது) வந்தா வரட்டும், ஆடிப்போன படத்த சரி பண்ண முடியாது, நாய்ஸ ஓரளவு சரி பண்ணலாம். ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்ன இடத்துல மட்டும் வெளிச்சம் அளக்கறது) வெச்சு முகத்துல அளந்துக்குங்க, இல்லன்னா பின்னால இருக்கற கருப்புத் திரைய பாத்து கேமரா ஏமாந்து முகத்த வெளுக்க வெச்சுடும். ரா ஃபைல்ல (கேமரா எந்த மாத்தமும் பண்ணாத மூலப் பதிவு) எடுங்க. ஃபோகஸுக்காக கேமராலேர்ந்து ஒரு சின்ன ஆரஞ்சு லைட் அடிக்கும் பாருங்க, அத மறக்காம ஆஃப் பண்ணுங்க.

கே: காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல பேண்ட் வாசிக்கறத எடுத்தேன். முகமெல்லாம் நீலமா, மூக்கு கண்ணே தெரியாம வண்ணப் பொடி அப்பின மாதிரி இருக்கு. சில படத்துல குறுக்க கோடு கோடா வேற விழுது. கேமரா ரிப்பேரா? (கோயம்புத்தூர் வாசகி)

ரிப்பேர் இல்லம்மா, அது எல்இடி லைட் பண்ற வேலை. ரெண்டு தனித்தனி பிரச்சனை.

நீல லைட் மட்டும் அடிச்சா கேமராவோட நீல சேனல் மட்டும் நிரம்பி வழிஞ்சுடும், சிவப்பு பச்சை ரெண்டுலயும் ஒண்ணுமே இருக்காது, அதான் முகத்துல மேடு பள்ளம் தெரியல. எக்ஸ்போஷர ஒரு ஸ்டாப் குறைச்சு, அதாவது வெளிச்சத்த பாதியாக்கி எடுங்க, அப்பவும் சரியா வரலன்னா கருப்பு வெள்ளையா மாத்திடுங்க, நிறைய படம் அதுல உயிர் பெறும். இல்லன்னா காத்திருங்க. லைட் ஆபரேட்டரும் பாட்டக் கேட்டுத்தான் லைட் மாத்தறார், கோரஸ் வர்ற இடத்துல பெரும்பாலும் வெள்ளையோ மஞ்சளோ தொறந்து விடுவார். முதல் பாட்டுல அவர் பழக்கத்த கவனிச்சிட்டா ரெண்டாவது பாட்டுலேர்ந்து அவர் எப்ப மாத்துவார்னு உங்களுக்கே தெரியும்.

கோடு விழறது லைட் துடிக்கறதால. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுல ஓடற சாதா லைட் செகண்டுக்கு 100 தடவ துடிக்கும், அதனால 1/50 இல்ல 1/100 ஷட்டர் வெச்சா கோடு போயிடும். மேடை எல்இடி அதோட சொந்த வேகத்துல துடிக்கும், அதுக்கு சில ஸ்பீட மாத்திப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். சைலண்ட் ஷட்டர்ல கோடு அதிகமா வரும். பேண்ட் சத்தத்துல உங்க ஷட்டர் சத்தம் யாருக்கும் கேக்காது, சாதா ஷட்டருக்கே மாறிடுங்க.

அப்புறம் லேசர் லைட் இருக்கற மேடைன்னா ஜாக்கிரதை, அது நேரா லென்ஸுக்குள்ள விழுந்தா சென்சார்ல நிரந்தரமா புள்ளி விழுந்துடும். மொபைலுக்கும் அதே கதிதான்.

கே: சபாவுல ஃபோட்டோ எடுத்தா பக்கத்து சீட் மாமா முறைக்கறார். எடுக்கலாமா கூடாதா? (மயிலாப்பூர் வாசகர்)

மாமா பக்கம் நியாயம் இருக்கு. இருட்டுல ஒரு ஸ்க்ரீன் எரிஞ்சா பின்னால ஆறு வரிசைக்கு கண்ணுல குத்தும். பல சபாக்கள்ல படமும் ரெக்கார்டிங்கும் கூடாதுன்னு மேடையிலயே அறிவிக்கறாங்க, அப்படி சொன்னா கேமரா பையிலயே இருக்கணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. சொல்லாத இடத்துலயும் நீங்களா போய் கேளுங்க. முதல் நாளே சபா செயலாளர்கிட்ட ஒரு வார்த்த, முடிஞ்சா பாடறவர்கிட்டயும் ஒரு வார்த்த. நேர்ல பணிவா கேட்டா ஒத்துக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க.

அனுமதி கிடைச்சதுக்கு அப்புறம்: ஃப்ளாஷ் எப்பவுமே கூடாது. ஸ்க்ரீன அணைச்சுட்டு வ்யூஃபைண்டர்ல கண்ண வெச்சு எடுங்க. சைலண்ட் ஷட்டர் போடுங்க, ஆலாபனை நடக்கறப்போ டக்குன்னு கேக்கற ஒரு ஷட்டர் சத்தம் பாடறவரோட நினைப்பையே கலைச்சுடும். நடுவுல எழுந்து நடக்கவே வேணாம், பாட்டு முடிஞ்சு கைதட்டல் வர்றப்போ இடம் மாறிக்குங்க.

என்னைக் கேட்டா மத்தியான கச்சேரிக்கு போங்க. நிறைய சபாக்கள்ல மத்தியானம் இளைய கலைஞர்கள் பாடுவாங்க, பெரும்பாலும் டிக்கெட் இல்ல, ஹால்ல கூட்டமும் கம்மி, யாருக்கும் தொந்தரவு இல்லாம ஓரமா ஒரு இடம் புடிக்கலாம். அந்த பசங்களுக்கு நல்ல படம் எடுத்துத் தர ஆளும் இருக்காது. கேட்டுட்டு எடுத்து அனுப்பி வெச்சீங்கன்னா அவ்ளோ சந்தோஷப்படுவாங்க.

கே: பெரிய கிரவுண்ட்ல நடக்கற சினிமா பாட்டு கச்சேரிக்கு கேமராவ உள்ளயே விட மாட்டேங்கறாங்களே? (செங்கல்பட்டு வாசகர்)

லென்ஸ் கழட்டி மாட்டற கேமராவ அங்க பெரும்பாலும் விட மாட்டாங்க, டிக்கெட் நிபந்தனையிலயே போட்டிருக்கும், முன்னாடியே படிச்சுடுங்க. மேடைக்கு முன்னால நிக்கற ப்ரெஸ் ஆட்களுக்கே உலகம் பூரா நிறைய இடத்துல முதல் மூணு பாட்டு, ஃப்ளாஷ் கூடாது, அதோட வெளிய போயிடணும்னு விதி. அதனால உங்க கையில மொபைல்தான். தூரத்துல இருக்கற பாடகர டிஜிட்டல் ஸூம்ல இழுக்காதீங்க, இருட்டுல நீங்க 5 மடங்கு தட்டினாலும் நிறைய மொபைல் மெயின் கேமரா படத்தையே வெட்டி பெருசு பண்ணித்தான் தரும். வைடா வைங்க. மேடை, புகை, கூட்டத்தோட கைகள், உங்களுக்கு முன்னால தோள்ல உக்காந்து பாக்கற குழந்தை, இதெல்லாம் ப்ரெஸ் ஆள் எடுக்க முடியாத படம், ஏன்னா அவர் மேடைய பாத்து நிக்கறார், நீங்க கூட்டத்துக்குள்ள இருக்கீங்க. மேடை லைட் மேல விரல அழுத்திப் புடிச்சு ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் பண்ணி, வெளிச்சத்த கொஞ்சம் கீழ இழுத்துடுங்க. போதும்.

கே: சபா பக்கமே போனதில்ல. பறை, கானா, வீதியில நடக்கற நிகழ்ச்சிதான் எனக்குப் புடிக்கும். அதுக்கு ஏதாச்சும் சொல்லுங்கண்ணா. (வியாசர்பாடி வாசகர்)

தம்பி, படம் எடுக்க அதைவிட நல்ல இடமே கிடையாது. சென்னைல 2015லேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பத்துல நடந்த விழாவும், கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற இசைக்குழு 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல மொத மொத மேடை ஏறினதும், 2020லேர்ந்து வந்த மார்கழியில் மக்களிசை விழாவும், டிசம்பர் சீசன்னா என்னங்கறதையே பெருசாக்கிடுச்சு, அதுக்கேத்த படங்களும் வேணும். அங்க கேக்கறவனுக்கும் வாசிக்கறவனுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இல்ல. 35 எம்எம் மாதிரி வைடா ஒரு லென்ஸ் மாட்டிட்டு கிட்ட போங்க. பறை அடிவாங்கற நொடிய விட குச்சி மேல ஓங்கி நிக்கற நொடிதான் படத்துல பலமா இருக்கும், தோலுல பட்டதுக்கு அப்புறம் எடுத்தா வேகம் செத்துடும். சில படத்துக்கு ஷட்டர 1/30க்கு இறக்கிப் பாருங்க, கை கோடா இழுத்துட்டுப் போகும், முகம் அசையாம நிக்கும், அடவு கட்டி ஆடறவங்களுக்கு அது ரொம்பப் பொருந்தும். தீ மூட்டி பறைய காய்ச்சறாங்க இல்ல, நிகழ்ச்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அந்த வெளிச்சத்துல முகங்கள எடுங்க. சீக்கிரமே போயிடுங்க.

கே: ஃபோகஸ் தப்பின படத்த எல்லாம் உடனே அழிச்சிடறேன். சரிதானே? (புதுச்சேரி வாசகர்)

அங்கயே அழிக்காதீங்க. 1979ல நியூயார்க் பலேடியம்ல தி க்ளாஷ் பேண்டோட பாஸ் கிதார் கலைஞர் பால் சிமோனான் தன் கிதார தரையில ஓங்கி அடிக்கறத பென்னி ஸ்மித் எடுத்தாங்க. படம் ஃபோகஸ்ல இல்ல, ஆல்பம் அட்டைக்கு இது வேணாம்னு அவங்களே சொன்னாங்க, பேண்ட் கேக்கல. இன்னிக்கு ராக் இசைல அதிகம் பேர் அடையாளம் கண்டுக்கற படங்கள்ல அது ஒண்ணு. ஒரு வாரம் கழிச்சு பெரிய ஸ்க்ரீன்ல பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கே: நான் எடுத்த ஒரு படத்த ஒரு நிகழ்ச்சி போஸ்டர்ல கேக்காம போட்டுட்டாங்க, பேர் கூட இல்ல. ரசிகன் எடுத்த படத்துக்கு உரிமை உண்டா? (தஞ்சாவூர் வாசகர்)

உண்டு. 1957 காப்புரிமைச் சட்டப்படி படத்த எடுத்தவர்தான் முதல் உரிமையாளர், காசு வாங்கிட்டு எடுத்துக் குடுத்தாலோ வேலை பாக்கற நிறுவனத்துக்காக எடுத்தாலோ மட்டும் கணக்கு மாறும். எடுத்தவர் உயிரோட இருக்கற வரைக்கும், அவர் காலமானதுக்கு அடுத்த வருஷத்துலேர்ந்து 60 வருஷமும் அந்த உரிமை இருக்கும். முதல்ல மரியாதையா எழுதிக் கேளுங்க, பேர் போடச் சொல்லுங்க, பல விஷயம் அதுலயே முடியும். ஒரிஜினல் ரா ஃபைல பத்திரமா வைங்க, அதான் சாட்சி.

அதே நியாயம் நமக்கும் இருக்கு. முழுப் பாட்டையும் வீடியோ எடுத்து போடறது கலைஞரோட உரிமைல கை வைக்கற வேலை, நிகழ்த்துறவங்களுக்கும் அந்த சட்டத்துல 50 வருஷ உரிமை உண்டு. படம் போடறப்போ கூட முகம் கோணலா இருக்கறத, அயர்ந்து கண் சொருகினத, புடவை விலகினத போடாதீங்க. அவங்க நம்பி நம்ம முன்னால உக்காந்து பாடறாங்க.

கே: அஹமதாபாத்ல டிசைன் படிக்கற பொண்ணு நான். "பாட்டு கேக்கப் போறியா, படம் எடுக்கப் போறியா, ஏதாவது ஒண்ண பண்ணு"ன்னு அம்மா திட்டறாங்க. ரெண்டும் சேந்து முடியாதா?

உங்க ஊர்லேர்ந்தே ஒரு உதாரணம் இருக்கே. 1980கள் ஆரம்பத்துல தயாநிதா சிங் அங்க நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன்ல மாணவி. ஜாகிர் உசேன் தபலா கச்சேரில படம் எடுக்கப் போனப்போ அமைப்பாளர் தடுத்து, எல்லார் முன்னாலயும் அவங்க தடுக்கி விழுந்துட்டாங்க. கச்சேரி முடிஞ்சு ஜாகிர்கிட்ட போய், நான் இன்னிக்கு மாணவிதான், ஒரு நாள் பெரிய ஃபோட்டோகிராஃபர் ஆவேன், அப்ப பாக்கலாம்னு சொல்லிட்டு வந்தாங்க. அவர் கோவப்படாம எடுக்க விட்டார். அதுக்கப்புறம் பல குளிர்காலம் அவர் குழுவோடயே ஊர் ஊரா போய், பயணத்துல, மேடைக்குப் பின்னால, வீட்லன்னு எடுத்த படங்கள் 1986ல அவங்களோட முதல் புத்தகமா வந்துச்சு. 2024 டிசம்பர்ல ஜாகிர் உசேன் காலமானப்போ நிறைய பேர் திரும்பத் தேடிப் பாத்தது அந்த படங்களைத்தான். ஒரு மனுஷரோட ரியாஸையும் (சாதகம்) அலுப்பையும் சிரிப்பையும் அவ்ளோ நாள் பக்கத்துல இருந்து கேட்டதாலதான் அது அமைஞ்சுது.

அம்மாகிட்ட சொல்லுங்க, முதல் பாதி முழுக்க கேமரா மடியிலயே இருக்கும்னு. அப்படியே செஞ்சும் பாருங்க.

கே: எடுத்த படங்கள எப்படி சேத்து வைக்கறது? (நாகர்கோவில் வாசகி)

ரெண்டு ஹார்ட் டிஸ்க், ரெண்டும் வேற வேற இடத்துல. அது எல்லாரும் சொல்றதுதான். எழுதி வைக்கறதுதான் முக்கியம்! பழைய கச்சேரி படங்கள் பல வீட்ல கிடக்கு, நடுவுல இருக்கற பாடகர் யாருன்னு தெரியும், பக்கத்துல கடம் வாசிக்கறவர் யாரு, பின்னால தம்புரா மீட்டற அம்மா யாரு, எந்த ஊரு, எந்த வருஷம், ஒண்ணுமே தெரியாது. அதனால கச்சேரி முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே தேதி, சபா, மேடைல இருந்த அத்தனை பேரோட பேரு, தம்புரா உட்பட, அந்த நொடில என்ன ராகம் போயிட்டு இருந்துதுன்னு படத்தோட தகவல் பகுதிலயே டைப் பண்ணிடுங்க. பக்கவாத்தியக்காரங்களுக்கு ஆளுக்கு ரெண்டு படம் அனுப்புங்க. அவங்க மட்டும் தனியா இருக்கற நல்ல படம் பல பேர்கிட்ட கிடையாது.